கண் அறிக்கையில் ‘டயாபெட்டிக் ரெட்டினோபதி’ என்று இருந்தால் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

சர்க்கரை நோயாளியின் கண் அறிக்கையில் ‘டயாபெட்டிக் ரெட்டினோபதி’ (சர்க்கரையால் விழித்திரைக்கு வரும் பாதிப்பு) என்று எழுதியிருந்தால், அதை ஒட்டி எழுதியிருக்கும் மற்ற சொற்களையும் படித்துவிட்டுத்தான் ஒரு முடிவுக்கு வர வேண்டும். எனக்கும் என் அக்காவுக்கும் ஒரே ஆண்டில் இந்தப் பெயர் எழுதப்பட்டது. அக்காவிடம், “சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த ஆண்டு வந்து காட்டுங்கள்” என்றார் மருத்துவர். என்னிடம், “இந்த வாரமே சிகிச்சையைத் தொடங்கிவிடலாம்” என்றார். இருவருக்கும் நோயின் பெயர் ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்களுக்கு இது புரியவே இல்லை. ஒருவர் அக்காவை அவசரமாக வேறு மருத்துவரிடம் கூட்டிப்போகச் சொன்னார். இன்னொருவர், “அவளுக்கு ஒன்றும் செய்யவில்லையே, உனக்கு மட்டும் எதற்கு லேசர்?” என்று என்னிடம் கேட்டார்.

அதன் பிறகு இந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு யார் வந்தாலும் நான் இரண்டே கேள்விகள்தான் கேட்கிறேன். எந்த நிலை? விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவில் வீக்கம் இருக்கிறதா? இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தால் அறிக்கையில் பாதிக்கு மேல் விளங்கிவிடும். மருத்துவர் ஏன் அவசரப்படுகிறார், ஏன் பொறுத்திருக்கச் சொல்கிறார் என்பதும் விளங்கும்.

முதலில் நோயைப் பற்றி. கண்ணின் பின்சுவரில் ஒளியை வாங்கிக்கொள்ளும் மெல்லிய படலம்தான் விழித்திரை. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் மிக நுண்ணியவை. ரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் அதிகமாக இருந்தால் அந்தக் குழாய்களின் சுவரைத் தாங்கும் செல்கள் அழிகின்றன. சுவர் வலுவிழந்த இடங்களில் நுண்ணிய புடைப்புகள் தோன்றுகின்றன. அவற்றிலிருந்து ரத்தமும் நீரும் கொழுப்பும் கசிகின்றன. சில குழாய்கள் அடைத்தும் போகின்றன. அடைத்த பகுதிக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காததால், புதிய குழாய்களை வளரத் தூண்டும் ‘வி.இ.ஜி.எஃப்.’ என்ற புரதத்தை விழித்திரை அதிகமாகச் சுரக்கிறது. அப்படி முளைக்கும் குழாய்கள் வலுவற்றவை. அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டும். அவற்றோடு சேர்ந்து வளரும் தழும்புத் திசு சுருங்கும்போது விழித்திரையையே பிய்த்து இழுத்துவிடும். நோய் மோசமாகும் வழி இதுதான். இதில் பெரும்பகுதி வலியின்றி, பார்வையில் மாற்றமும் தெரியாமல் நடந்துவிடுகிறது.

பேச்சில் இதை எல்லோரும் ‘கண் நரம்பு பாதிப்பு’ என்கிறார்கள். புரியட்டும் என்று மருத்துவமனைப் பணியாளர்களும் அப்படியே சொல்கிறார்கள். அக்கா அதைக் கேட்டுவிட்டு நரம்புக்குச் சத்து மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தார். பாதிக்கப்பட்டிருப்பது விழித்திரையின் ரத்தக்குழாய்கள். வைட்டமின் மாத்திரையால் அவை சீராவதில்லை. பார்வை நரம்பைத் தாக்கும் கிளாகோமா என்ற கண் அழுத்த நோய் வேறு. அதற்கான பரிசோதனையும் சொட்டு மருந்தும் வேறு. இரண்டையும் பலர் ‘நரம்பு’ என்றே சொல்வதால், “எனக்கு நரம்புக்குத்தான் மருந்து விட்டுக்கொண்டிருக்கிறேனே” என்று விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே, “விழித்திரையா, பார்வை நரம்பா?” என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவது நல்லது.

இனி முதல் கேள்வி, எந்த நிலை? அறிக்கையில் ‘என்.பி.டி.ஆர்.’ அல்லது ‘பி.டி.ஆர்.’ என்று சுருக்கி எழுதியிருப்பார்கள். முதலாவது நான் ப்ரோலிஃபரேட்டிவ், அதாவது புதிய குழாய்கள் முளைக்காத நிலை. இரண்டாவது ப்ரோலிஃபரேட்டிவ், முளைத்துவிட்ட நிலை. தொடக்கத்தில் ஒரு ‘என்’ இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வேறுபாடு. கையெழுத்து தெளிவாக இல்லாவிட்டால் ஊகிக்க வேண்டாம், கேளுங்கள். முளைக்காத நிலையிலேயே மூன்று படிகள் உண்டு. நுண்புடைப்புகள் மட்டும் இருந்தால் லேசானது. அதற்கு மேல் ரத்தப் புள்ளிகளும் கொழுப்புப் படிவுகளும் இருந்தால் நடுத்தரம். தீவிர நிலைக்கு மருத்துவர்கள் ‘4-2-1’ என்ற விதியைப் பயன்படுத்துகிறார்கள். விழித்திரையை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறார்கள். நான்கிலும் ஏராளமான ரத்தக்கசிவு, அல்லது இரண்டில் சிரைகள் மணிமணியாகப் புடைத்திருத்தல், அல்லது ஒன்றிலாவது நுண்குழாய்கள் தாறுமாறாகப் பின்னிக்கிடத்தல், இவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் அது தீவிர நிலை. அந்த நிலையை அடைந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஓராண்டுக்குள் புதிய குழாய்கள் முளைத்துவிடுகின்றன. லேசான நிலையில் இருப்பவர்களில் அப்படி ஆவது 100 பேரில் 5 பேர் அளவுதான். அக்காவை ஓராண்டு கழித்து வரச் சொன்னதற்கும் என்னை உடனே உட்காரவைத்ததற்கும் காரணம் இதுதான்.

பழைய அறிக்கைகளில் ‘பேக்கிரவுண்ட் ரெட்டினோபதி’ என்று இருந்தால் அது பெரும்பாலும் முளைக்காத நிலையையே குறிக்கும். ‘ஓ.டி.’ என்றால் வலது கண், ‘ஓ.எஸ்.’ என்றால் இடது கண், ‘ஓ.யூ.’ என்றால் இரு கண்களும். ‘ஆர்.இ.’, ‘எல்.இ.’ என்று எழுதுவோரும் உண்டு. இரண்டு கண்களிலும் நோய் ஒரே நிலையில் இருக்கும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு வலது கண்ணில் ‘பி.டி.ஆர்.’, இடது கண்ணில் ‘நடுத்தர என்.பி.டி.ஆர்.’.

இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. விழித்திரையின் நடுவில் இருக்கும் சிறிய பகுதி மாகுலா. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அதைக் கொண்டுதான். கசிந்த நீர் அங்கே தேங்கினால் அது வீங்கும். அறிக்கையில் ‘டி.எம்.இ.’ என்று இருக்கும், டயாபெட்டிக் மாகுலர் எடிமா என்பதன் சுருக்கம். இந்த வீக்கம் நோயின் எந்த நிலையிலும் வரலாம் என்பது முக்கியம். ரெட்டினோபதி லேசாக இருப்பவருக்கும் மாகுலா வீங்கிப் பார்வை மங்கலாம். தீவிர நிலையில் இருப்பவருக்கு மாகுலா சமதளமாகவே இருக்கலாம். எனவே “லேசானதுதான்” என்று ஒருவர் சொன்னால், “மாகுலா எப்படி இருக்கிறது?” என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. மையப்புள்ளி வரை வீக்கம் வந்துவிட்டதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சிகிச்சை முடிவு பெரும்பாலும் அதைப் பொறுத்தது.

என் வலது கண் அன்று 6/6 படித்தது. கடைசி வரி வரை பிழையில்லாமல் வாசித்தேன். புதிய குழாய்கள் முளைத்திருந்ததும் அதே கண்ணில்தான். இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள். 6/6 என்பது மாகுலா அந்த நேரத்தில் எவ்வளவு கூர்மையாக வேலை செய்கிறது என்பதற்கான அளவு மட்டுமே. மாகுலாவுக்கு வெளியே இருக்கும் பரந்த விழித்திரையில் என்ன நடக்கிறது என்பதை அந்த எழுத்துப் பலகையால் சொல்ல முடியாது. கண்ணாடி வாங்கும் இடத்தில் பவர் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது.

இடது கண் 6/12 தான் படித்தது. இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மூடிவிடுகிறது. அதனால் வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கண்ணாக மூடிக்கொண்டு, நேர்க்கோடுகள் நிறைந்த கட்டத்தாளைப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். கோடு வளைந்தாலோ நடுவில் ஒரு துண்டு மங்கினாலோ மாகுலாவில் ஏதோ நடக்கிறது என்று பொருள். படிப்பதற்கான கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பார்க்க வேண்டும். இந்தச் சோதனை மருத்துவரின் பரிசோதனைக்கு ஈடாகாது. இரண்டு பரிசோதனைகளுக்கு நடுவில் காவலாக வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

பார்வை மங்கினால் எல்லாமே ரெட்டினோபதி என்றும் எண்ண வேண்டாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸில் நீரளவு மாறிக் கண்ணாடியின் பவர் தற்காலிகமாக மாறும். புதிதாக மருந்து தொடங்கியவர்களுக்கு இது சாதாரணம். சர்க்கரை சில வாரங்கள் சீராக நின்ற பிறகு கண்ணாடிக்கு அளவு கொடுப்பது பணத்தை மிச்சப்படுத்தும். கண்புரையும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சற்று முன்னதாகவே வருகிறது.

பரிசோதனைக்குப் போகும் நாளைப் பற்றி. கண் பாப்பாவை விரியவைக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். விரிய அரை மணி நேரம் வரை ஆகும். அதன் பிறகு சில மணி நேரத்துக்கு அருகில் இருப்பதைப் படிக்க முடியாது, வெயில் கண்ணைக் கூசவைக்கும். வண்டி ஓட்டக்கூடாது. துணைக்கு ஒருவரும் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். கையெழுத்துப் போட வேண்டிய படிவங்களை மருந்து விடுவதற்கு முன்பே படித்துவிடுங்கள், பிறகு எழுத்து எதுவும் தெரியாது. மருத்துவர் தலையில் மாட்டிய விளக்கோடு “மேலே பாருங்கள், வலது மேல் மூலை, வலது ஓரம்” என்று எட்டுத் திசைகளிலும் பார்க்கச் சொல்லும்போது, விழித்திரையின் ஓரங்களைத்தான் தேடுகிறார். சிரமமாக இருந்தாலும் ஒத்துழைக்க வேண்டிய நேரம் அது.

இந்தக் காட்சி 1851-க்கு முன் எந்த மருத்துவருக்கும் கிட்டியதில்லை. ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விழித்திரையைப் பார்க்கும் கருவியை வெளியுலகுக்கு அறிவித்தது அந்த ஆண்டில்தான். அடுத்த சில ஆண்டுகளில் சர்க்கரை நோயாளியின் மாகுலாவில் இருந்த மாற்றங்களை எட்வார்ட் யேகர் என்ற மருத்துவர் பதிவு செய்தார். அவை சர்க்கரையால் வந்தவைதாமா என்று அன்றைய பெரிய கண் மருத்துவர்களே ஐயப்பட்டார்கள். உடலை வெட்டாமல் ரத்தக்குழாய்களை நேரடியாகக் காண முடிகிற இடம் கண். அதனால்தான் சர்க்கரை மருத்துவரும் இந்த அறிக்கையைக் கேட்டு வாங்குகிறார்.

மாகுலா வீக்கத்தை அளப்பது ஓ.சி.டி. ஸ்கேன். தொடுவதில்லை, வலி இல்லை, சில நொடிகளில் முடிந்துவிடும். விழித்திரையின் குறுக்குவெட்டுத் தோற்றம் அடுக்கடுக்காகத் தெரியும். நீர் தேங்கிய இடங்கள் கறுப்புக் குமிழ்களாக இருக்கும். பக்கத்தில் வண்ண வட்டம் ஒன்று போட்டு மைக்ரான் கணக்கில் எண்கள் இருக்கும். நடு வட்டத்தில் உள்ள எண்ணைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நலமான கண்ணில் அது பொதுவாக 300-க்குள் இருக்கும். கருவிக்குக் கருவி இந்த அளவு சற்று மாறுவதால், முடிந்தவரை ஒரே வகைக் கருவியில் எடுத்த படங்களையே ஒப்பிட வேண்டும். ஒரு முறை வேறிடத்தில் எடுத்த எண் கூடுதலாக இருந்ததைப் பார்த்து நான் கலங்கினேன். “கருவி வேறு, படத்தில் குமிழ் குறைந்திருக்கிறது பாருங்கள்” என்று மருத்துவர் காட்டிய பிறகுதான் மனம் அமைதியடைந்தது. கையில் சாயம் ஏற்றி விழித்திரையின் குழாய்களைப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் எல்லோருக்கும் தேவைப்படாது. எடுத்தால் ஒரு நாள் தோல் மஞ்சளாகத் தெரியும், சிறுநீரும் மஞ்சளாகப் போகும். பயப்பட வேண்டாம். ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

இனி சிகிச்சை. வலது கண்ணுக்கு லேசர். இதில் நான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்வது ஒன்று. புதிய குழாய்களுக்காகச் செய்யும் இந்த லேசர் பார்வையைக் கூட்டுவதற்காகச் செய்யப்படுவதில்லை, இருப்பதைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்படுகிறது. ஆக்சிஜன் இல்லாமல் தவிக்கும் ஓரப்பகுதிகளில் நூற்றுக்கணக்கில் சூட்டுப் புள்ளிகள் வைக்கிறார்கள். வழக்கமாக 1,200 முதல் 1,600 புள்ளிகள் வரை, சில அமர்வுகளாகப் பிரித்து. அந்தப் பகுதிகளின் தேவை குறைந்ததும் வி.இ.ஜி.எஃப். சுரப்பு குறைந்து புதிய குழாய்கள் வாடுகின்றன. கடுமையான பார்வை இழப்பை இது பாதிக்கும் மேல் குறைக்கிறது என்று 1970-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு காட்டியது. பதிலுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. இருட்டில் பார்வை குறையலாம், பக்கவாட்டுப் பார்வை சற்றுச் சுருங்கலாம். எனக்கு மங்கிய வெளிச்சத்தில் படி இறங்குவது இப்போதும் சிரமம்தான். அதற்காகவே மாடிப்படியில் விளக்கை எப்போதும் எரியவிடுகிறோம். “லேசர் வைத்தும் பார்வை தெளியவில்லை” என்று பாதியில் நிறுத்துகிறவர்களுக்கு, சிகிச்சையின் நோக்கத்தை முன்பே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

லேசர் வைக்கும்போது கண்ணின் மேல் ஒரு லென்ஸை வைத்துப் பிடித்துக்கொள்கிறார்கள். பளீர் பளீரென்று பச்சை ஒளி. பெரும்பாலான புள்ளிகள் தெரிவதே இல்லை. சில இடங்களில் மட்டும் கண்ணுக்குப் பின்னால் ஆழத்தில் சுருக்கென்று குத்துகிறது. பொறுக்க முடியவில்லை என்றால் தலையை இழுக்காமல் வாயால் சொல்லுங்கள், சக்தியைக் குறைத்துக்கொள்வார்கள், அல்லது மரத்துப்போக ஊசி போடுவார்கள்.

இடது கண்ணில் இருந்த மாகுலா வீக்கத்துக்கு ஊசி. ‘கண்ணுக்குள் ஊசி’ என்ற சொற்களே பாதிப் பேரைத் துரத்திவிடுகின்றன. அதனால் நடந்ததை அப்படியே சொல்கிறேன். முதலில் மரத்துப்போகச் சொட்டு மருந்து, சில நிமிட இடைவெளியில் மறுபடியும். பிறகு பழுப்பு நிற அயோடின் மருந்தால் இமையையும் கண்ணையும் கழுவுகிறார்கள். தொற்று வராமல் காப்பது அதுதான், எரிந்தாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். முகத்தின் மேல் துணி. இமைகள் மூடாமல் இருக்கச் சின்னக் கம்பிக் கவ்வி. உண்மையில் எனக்குச் சங்கடமாக இருந்தது அந்தக் கவ்விதான். “மேலே பாருங்கள்” என்பார்கள். கருவிழிக்கு வெளியே வெள்ளைப்பகுதியில் ஓர் அழுத்தம். அவ்வளவுதான், ஊசி எடுத்தாகிவிட்டது. மருந்து உள்ளே பரவுவது சிலருக்கு நெளியும் நிழலாகத் தெரியும். உடனே விரல்களைக் காட்டி எண்ணச் சொல்வார்கள். பார்வை போய்விடவில்லை என்று உறுதி செய்துகொள்கிறார்கள். அடுத்த நாள் வரை உறுத்தல் இருந்தது. வெள்ளையில் ஒரு சிவப்புத் திட்டு, பார்க்கத்தான் பயங்கரம், வாரத்தில் மறைந்துவிட்டது. பார்வையின் அடிப்பக்கத்தில் வட்டமான கறுப்புக் குமிழ் ஒன்று ஆடினால் அது ஊசியோடு போன காற்று, ஓரிரு நாளில் கரைந்துவிடும்.

பயப்பட வேண்டியது வேறொன்று. ஊசி போட்ட சில நாட்களுக்குள் வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, சிவப்பு அதிகரித்தாலோ, வெளிச்சம் தாங்காவிட்டாலோ, பார்வை குறைந்தாலோ அன்றே போக வேண்டும். இரவானாலும் விடுமுறையானாலும் காத்திருக்கக்கூடாது. கண்ணுக்குள் தொற்று அரிது, ஆனால் வந்தால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஊசிக்கு முன் இமையில் கட்டியோ கண்ணில் சிவப்போ இருந்தாலும், அண்மையில் பக்கவாதமோ மாரடைப்போ வந்திருந்தாலும், கருவுற்றிருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பெவாசிஸுமாப், ரானிபிஸுமாப், அஃப்லிபெர்செப்ட், ஃபாரிசிமாப் என்று மருந்துகள் பல. எல்லாமே வி.இ.ஜி.எஃப். புரதத்தைத் தடுப்பவை. ஒரு ஊசியோடு முடிவதில்லை. தொடக்கத்தில் மாதம் ஒன்று, முதல் ஆண்டில் எட்டு, பத்து வரை கூடத் தேவைப்படலாம், அடுத்த ஆண்டுகளில் குறையும். இதை முதல் நாளிலேயே தெரிந்துகொண்டால் பணத்துக்கும் விடுப்புக்கும் துணைக்கு வருபவருக்கும் ஏற்பாடு செய்துகொள்ளலாம். வீக்கம் வடிந்து பார்வை தெளிந்ததும் நின்றுவிடுபவர்கள் பலர். மருந்தின் வேலை முடிந்ததும் நீர் மறுபடி தேங்கிவிடுகிறது. மாகுலா வீங்கியிருந்தும் பார்வை 6/6 அளவில் நன்றாக இருந்தால், நெருக்கமாகக் கண்காணித்துக்கொண்டு ஊசியைத் தள்ளிவைப்பதும் ஏற்கப்பட்ட முறைதான். அப்படிச் சொல்லும் மருத்துவர் அலட்சியமாக இருக்கிறார் என்று எண்ணிவிட வேண்டாம். சிலருக்கு ஸ்டீராய்டு ஊசி பயன்படுகிறது. அதில் கண் அழுத்தம் ஏறுவதையும் புரை வளர்வதையும் கவனிக்க வேண்டும்.

புதிய குழாய்களை ஊசியால் மட்டுமே அடக்கிவைப்பதும் உண்டு. ஆனால் தவறாமல் வர முடியாதவருக்கு அது ஆபத்து. இடையில் நின்றுபோனால் குழாய்கள் வேகமாகத் திரும்பி வரும். தொலைவில் இருந்து வருகிறவர், துணை இல்லாதவர் தங்கள் நிலையை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொன்னால் லேசரே பொருத்தம் என்று அவர் முடிவு செய்யக்கூடும். கண்ணுக்குள் ரத்தம் தேங்கி வடியாவிட்டாலோ விழித்திரை இழுபட்டாலோ, கண்ணுக்குள் இருக்கும் கூழ்ப்பொருளை அகற்றும் விட்ரெக்டமி என்ற அறுவை. அது முடிந்து கண்ணுக்குள் வாயு அடைத்திருந்தால், அது கரைந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லும் வரை விமானத்தில் ஏறவே கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண் அழுத்தம் தாறுமாறாக ஏறிவிடும்.

கண்ணுக்குள் என்ன சிகிச்சை செய்தாலும், வெளியே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் நோய் மறுபடி தொடங்கிய இடத்துக்கே வந்து நிற்கும். 1993-இல் வெளியான டி.சி.சி.டி. ஆய்வில், முதல் வகை (டைப் 1) சர்க்கரை நோயாளிகளில் ரெட்டினோபதி இல்லாதவர்கள் சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியபோது அது வருவதற்கான வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. 1998-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு, இரண்டாம் வகையினருக்கு (டைப் 2) ரத்த அழுத்தத்தைக் குறைப்பதும் விழித்திரையைக் காக்கிறது என்று காட்டியது. அழுத்த மாத்திரையும் ஒரு விதத்தில் கண் மருந்துதான் என்று அக்காவிடம் அடிக்கடி சொல்வேன்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக வேகமாக இறக்கினால், ஏற்கெனவே ரெட்டினோபதி இருப்பவர்களில் சிலருக்கு அது சிறிது காலம் மோசமாகலாம். டி.சி.சி.டி. ஆய்விலும் இது தெரிந்தது, நீண்ட கால நன்மையே பெரிது என்பதும் தெரிந்தது. எனவே சர்க்கரையைக் குறைக்காமல் இருப்பது விடையல்ல. இன்சுலினோ வலுவான புதிய மருந்தோ தொடங்குவதற்கு முன் விழித்திரையைப் பார்த்துவிடுவதும், மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி வேகமாக இறங்கும் மாதங்களில் நெருக்கமாகப் பரிசோதித்துக்கொள்வதும்தான் வழி. இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் கண்ணில் ரத்தம் கசியும் என்று பயந்து தாமாக நிறுத்திவிடக்கூடாது. அது கண்ணின் ரத்தக்கசிவைக் கூட்டவில்லை என்பது பெரிய ஆய்வில் பார்க்கப்பட்டிருக்கிறது. ரெட்டினோபதி இருக்கிறது என்று தெரிந்ததும் சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். கண்ணின் நுண்குழாய்களைப் பழுதாக்கியது சிறுநீரகத்தை விட்டுவைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

எப்போது முதல் பரிசோதனை? இரண்டாம் வகை என்றால் சர்க்கரை கண்டுபிடிக்கப்பட்ட உடனேயே. அதற்கு முன் எத்தனை ஆண்டுகளாகச் சர்க்கரை இருந்தது என்று யாருக்கும் தெரியாது. முதல் வகை என்றால் ஐந்து ஆண்டுகளுக்குள். பிறகு பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை, பாதிப்பு கூடினால் இடைவெளி குறையும். ஏற்கெனவே சர்க்கரை உள்ள பெண்கள் கருத்தரிக்கும் முன்பே, இல்லையென்றால் முதல் மூன்று மாதங்களுக்குள் பார்த்துவிட வேண்டும். கர்ப்பத்தில் இந்த நோய் வேகமெடுக்கலாம். கர்ப்பகாலத்தில் மட்டும் சர்க்கரை வந்தவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

புதிய குழாய்கள் உள்ள கண்ணில் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மழையாகக் கொட்டினாலோ, தண்ணீரில் மை கரைவது போல ஒரு கறை பரவினாலோ, திரை விழுந்தது போல ஒரு பக்கம் மறைந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். போகும் வரை தலையை உயர்த்தி உட்காருங்கள், படுத்தாலும் தலையணையை உயரமாக வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் கீழே படிய அது உதவும்.

கைபேசி பார்க்கலாமா, புத்தகம் படிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகப் படிக்கலாம். படிப்பதால் ரெட்டினோபதி கூடுவதில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பாரம் தூக்குவதும், தலைகீழாக நிற்கும் ஆசனங்களும்தான் புதிய குழாய்கள் உயிர்ப்போடு இருக்கும் கண்ணுக்கு ஆகாதவை. நடைக்குத் தடை இல்லை. எனக்கு லேசர் முடிந்து குழாய்கள் வாடிவிட்டன என்று பரிசோதனையில் உறுதியான பிறகே பாரம் தூக்க அனுமதி கிடைத்தது, அதுவும் சிறிது சிறிதாக.